வீட்டுத் திரையில் ஓர் எத்தன் கதை



வேலை முடிந்து, குளித்து, சாமி விளக்கை ஏற்றிவிட்டுக் குடும்பத்தோடு தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமரும் மாலை நேரம் நம் வீடுகளில் ஒரு நல்ல நேரம். பாசிர் கூடாங் வட்டாரத்தில் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்வோருக்கும், துறைமுகப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் பேருந்தில் போய் வருவோருக்கும் அது பொதுவான நேரம். அந்நேரத்தைப் பற்றிப் பெற்றோர்கள் ஆசிரியர்களாகிய எங்களிடம் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "மோசடியும் ஏமாற்றும்தான் கதையே என்று சில படங்கள் வருகின்றன. பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவற்றைப் பார்க்கலாமா? பெட்டியை அணைத்துவிடுவது நல்லதா?" என்பதே அக்கேள்வி.

நல்ல கேள்வி. இதற்கு ஒரு சொல்லில் விடை கூற இயலாது. ஆகவே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு சிந்திப்போம். அப்படம் 'சதுரங்க வேட்டை'. 2014-ஆம் ஆண்டு ஜூலை மாதம் வெளிவந்தது. எச். வினோத் இயக்கிய முதற்படம். நகைச்சுவை நடிகராக நாமெல்லாரும் அறிந்த மனோபாலா அதனைத் தயாரித்தார். ஒளிப்பதிவாளராகப் பெயர் பெற்ற நட்டி என்கிற நடராஜன் சுப்பிரமணியம், காந்தி பாபு என்னும் எத்தனாக அதில் நடித்தார். சண்டைக்காரனோ பாட்டுக்காரனோ கதாநாயகனாக இருப்பதுதான் வழக்கம். இதிலோ பிறரை ஏமாற்றிப் பிழைப்பவனே கதாநாயகன்.

எத்தன் கதை நமக்குப் புதிதன்று. நம் பிள்ளைகள் பேசத் தொடங்கும் வயதில் கேட்கும் முதற்கதை எது? பாட்டி வடை சுட்ட கதைதான். காகத்தின் வாயில் வடை இருக்கிறது. கீழே நரி நிற்கிறது. அது காகத்தை அடிக்கவில்லை, மிரட்டவும் இல்லை. "உன் குரல் எவ்வளவு இனிமை!" என்று புகழ்கிறது. வடை கீழே விழுகிறது. ஒரு மோசடி எப்படி நடக்கிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பாடம் இல்லை. ஆனால் அந்தக் கதையைச் சொல்லும் பாட்டி குழந்தையை யார் பக்கம் நிற்க வைக்கிறாள்? காகத்தின் பக்கம். "அடடா, பேசாமல் இருந்திருக்கலாமே!" என்று குழந்தை வருந்துகிறது. அடுத்து, வடையைக் காலில் இடுக்கிக்கொண்டு பாடிய காகத்தின் கதையையும் பாட்டி சொல்லிவிடுகிறாள். குழந்தை கைதட்டுகிறது.

ஆகவே எத்தன் கதையைப் பிள்ளைகளுக்குக் கூறலாமா என்பது கேள்வியே அன்று. தலைமுறை தலைமுறையாகக் கூறித்தான் வருகிறோம். அக்கதை பிள்ளையை நரியின் பக்கம் நிறுத்துகிறதா, காகத்தின் பக்கம் நிறுத்துகிறதா என்பதே நாம் பார்க்க வேண்டியது.

இதே வகையில் ராஜ் கபூர் 1955-இல் எடுத்த 'ஸ்ரீ 420' என்ற இந்திப்படம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அந்த 420 என்ற எண் இந்தியக் குற்றவியல் சட்டத்தில் மோசடிக்கு உரிய பிரிவு. அதனால்தான் ஏமாற்றுக்காரனை 'ஃபோர் ட்வென்டி' என்று நம் மக்கள் ஏளனமாக அழைத்தனர். 2024 ஜூலை முதல் இந்தியாவில் அச்சட்டத்திற்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்துவிட்டது. நம் மலேசியக் குற்றவியல் சட்டத்திலும் மோசடிக்கு அதே 420-ஆம் பிரிவுதான். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் ஓராண்டுக்குக் குறையாமல் பத்தாண்டு வரை சிறையும், பிரம்படியும், அபராதமும் விதிக்கப்படலாம். வேடிக்கைப் பெயராக வழங்கும் ஓர் எண்ணுக்குப் பின்னால் இவ்வளவு பாரமான தண்டனை இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கலாம்.

இனி, படத்தில் காட்டப்படும் மூன்று தந்திரங்களைப் பார்ப்போம்.

முதலாவது பாம்பு. மண்ணுளிப் பாம்பு என்று ஒன்று உண்டு. அதன் வால் நுனி மழுங்கித் தலையைப்போல் தோன்றும். ஆகவே 'இருதலைப் பாம்பு' என்பர். நஞ்சில்லாத அப்பிராணி மண்ணுக்குள் வாழ்ந்து எலிகளைத் தின்னும். இதற்கு அபூர்வ சக்தி உண்டு, வெளிநாட்டில் இலட்சக்கணக்கில் விலை போகும் என்று சொல்லிப் பணக்காரச் செட்டியார் ஒருவரிடம் காந்தி பாபு அதை விற்றுவிடுகிறான். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அப்பாம்பைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். ஆகவே ஏமாந்தவர் காவல் நிலையத்துக்குப் போக முடியாது. போனால் அவரும் குற்றவாளியாவார். எத்தனுக்கு மிகவும் வேண்டியது ஏமாந்தவரின் மௌனம். அந்த மௌனத்தையும் சேர்த்துத்தான் அவன் விலை பேசுகிறான்.

இரண்டாவது, ஆளைச் சேர்த்தால் பணம் என்னும் சங்கிலித் திட்டம். பெரிய மண்டபம், கோட்டும் கழுத்துப்பட்டையும், கைதட்டல், "நீங்களும் முதலாளி ஆகலாம்" என்ற பேச்சு. இந்தக் காட்சியைக் கண்டபோது நம்மில் பலர் நெளிந்திருப்போம். நம் ஊர் மண்டபங்களிலும் இத்தகைய கூட்டங்களைக் கண்டவர்கள்தாமே நாம்! இதன் குற்றம் எங்கே இருக்கிறது என்பதை ஐந்தாம் வகுப்புக் கணக்கே காட்டிவிடும். ஒருவர் ஐந்து பேரைச் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஐவரும் ஆளுக்கு ஐவரைச் சேர்த்தால் 25. அடுத்து 125. அடுத்து 625. இப்படியே பெருக்கிக்கொண்டு போனால் பதினோராம் படியில் ஏறத்தாழ 4 கோடியே 88 இலட்சம் பேர் தேவை. மலேசியாவின் மொத்த மக்கள்தொகையோ மூன்றரைக் கோடிக்கும் குறைவு. கைக்குழந்தையைச் சேர்த்தாலும் ஆள் போதாது. ஆகவே கடைசியில் சேர்ந்தவர்கள் அனைவரும் இழந்தே தீர வேண்டும். அந்தக் கடைசி ஆள் பெரும்பாலும் ஏழை. இதனால்தான் நம் நாட்டில் நேரடி விற்பனைக்கும் பிரமிட் திட்டத் தடைக்கும் என்று ஒரு சட்டம் இருக்கிறது.

மூன்றாவது, அரிசியை இழுக்கும் கலசம். பழைய கோயில் கலசம் ஒன்று இடி மின்னல் பட்டுப் பட்டு 'இரிடியம்' ஆகிவிட்டதாம். பக்கத்தில் அரிசியை வைத்தால் இழுத்துக்கொள்ளுமாம். வெளிநாட்டு விஞ்ஞானிகள் கோடிக்கணக்கில் கொடுத்து வாங்குவார்களாம். அதற்குமுன் பரிசோதனைச் செலவுக்கு மட்டும் நாம் பணம் கட்ட வேண்டுமாம். இரிடியம் என்பது பிளாட்டின இனத்தைச் சேர்ந்த அரிய உலோகம் என்பது உண்மை. அது அரிசியை இழுக்கும் என்பது பொய். அரிசியோடு இரும்புத்தூளை ஒட்டச் செய்து, பாத்திரத்துக்குள் காந்தத்தை மறைத்துவிட்டால் எந்தப் பாத்திரமும் அரிசியை இழுக்கும். ஒரு சிறு காந்தமும் ஆணி அரத்தூளும் இருந்தால் வீட்டு மேசையிலேயே பிள்ளைகளுக்கு இதைச் செய்துகாட்டலாம். ஒருமுறை தன் கையால் செய்து பார்த்த பிள்ளையைப் பிறகு எந்தக் கலசத்தாலும் மயக்க முடியாது.

மூன்று தந்திரங்களுக்கும் அடித்தளம் ஒன்றே. முதலில் ஆசை காட்டுவது. அடுத்து, "இன்றே முடிவு செய்ய வேண்டும்" என்று அவசரப்படுத்துவது. பிறகு, "யாரிடமும் சொல்லாதீர்கள், பங்கு கேட்பார்கள்" என்று இரகசியம் காக்கச் செய்வது. இறுதியில், ஏமாந்தவரைத் தன் வெட்கத்தாலேயே வாய்மூடச் செய்வது. ஆசை, அவசரம், இரகசியம், வெட்கம் என்ற இந்நான்கையும் வரிசையாகக் காட்டுவதில் இப்படம் ஒரு நல்ல பாடநூலைப்போல் அமைந்திருக்கிறது. இதற்காகவே வளர்ந்த பிள்ளைகள் இதனைப் பார்க்கலாம் என்பது நம் கருத்து.

இவை கற்பனைதானே என்று எண்ண வேண்டாம். படம் வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2012-இல், தமிழ்நாட்டில் ஈரோடு மாவட்டத்துப் பெருந்துறை வட்டாரத்தில் ஈமுக் கோழித் திட்டம் சரிந்து விழுந்தது. "எங்களிடம் பணம் கட்டுங்கள், ஈமுக் குஞ்சுகளைத் தருகிறோம், வளர்ப்பதற்கு மாதந்தோறும் பணமும் தருகிறோம்" என்றனர். நடிகர்களை வைத்து விளம்பரம் செய்தனர். விவசாயிகள் நகையை விற்றும் கடன் வாங்கியும் கட்டினர். ஈமு இறைச்சிக்கு அவ்வளவு பெரிய சந்தை எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. புதிதாகச் சேர்ந்தவர் கட்டிய பணமே பழையவருக்கு மாதப்பணமாகப் போயிற்று. புதியவர் குறைந்ததும் எல்லாம் நின்றது. கவனிப்பாரின்றித் தீவனமில்லாமல் கிடந்த பறவைகளுக்கு அரசாங்கமே இரை போட நேர்ந்தது.

அதற்கு முன்பு, 1990-களில், தேக்கு மரத் திட்டம் வந்தது. சென்னையைச் சேர்ந்த அனுபவ் பிளாண்டேஷன்ஸ் என்ற நிறுவனம் தேக்கங்கன்றுக்குப் பணம் கட்டினால் பிற்காலத்தில் பெருந்தொகை கிடைக்கும் என்றது. 1998-இல் அது சரிந்தது. நம் நாட்டிலும் இதுபோல் நடந்ததுண்டு. 1980-களின் பிற்பகுதியில் பேராக் மாநிலத்தின் தைப்பிங்கில் 'பாக் மான் தெலோ' என்று மக்கள் அழைத்த ஒருவர் நடத்திய திட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் பணம் போட்டு இழந்தனர். இவற்றுக்கெல்லாம் மூத்த கதை அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1920-இல் நடந்தது. சார்லஸ் போன்சி என்பவர் 45 நாளில் நூற்றுக்கு ஐம்பது இலாபம் தருவதாகக் கூறினார். பீட்டருடைய பணத்தைப் பிடுங்கிப் பாலுக்குக் கொடுத்தார். இன்றளவும் உலகம் அத்தகைய மோசடிக்கு அவர் பெயரையே வைத்து அழைக்கிறது.

இவ்விடத்தில் தோட்ட மக்களாகிய நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். பயிர் எப்படி வளரும் என்பது நம்மைவிட யாருக்குத் தெரியும்? பால்மரம் நட்டால் சீவுவதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். செம்பனை நட்டால் முதற்குலை வெட்ட ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். அதுவும் உரம் போட்டு, களை எடுத்து, எலியையும் வண்டையும் காத்தால்தான். மண்ணில் போட்டது எதுவும் ஒரே மாதத்தில் இரட்டிப்பாவதில்லை. அப்படியிருக்க, போட்ட ஆயிரம் வெள்ளி முப்பது நாளில் இரண்டாயிரம் ஆகும் என்று ஒருவர் சொன்னால் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. "அந்தப் பணம் எந்த மரத்தில் காய்க்கிறது?" விடை கிடைக்காவிட்டால் அது அடுத்தவர் பையிலிருந்து வருகிறது என்றே பொருள்.

ஆனால் இதற்காக யாரையும் நம்பாமல் வாழ வேண்டும் என்று நாம் கூற வரவில்லை. நம்பிச் சேர்ந்து சேமித்ததால் தலைநிமிர்ந்த வரலாறும் நமக்கு உண்டு. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், 1960-இல், துன் வீ. தி. சம்பந்தன் தோட்டத் தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டித் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பணம் சேர்ந்து தோட்டங்களையே வாங்கிற்று. லயத்து வீடுகளில் பெண்கள் தங்களுக்குள் கூட்டுப் பிடித்துப் பிள்ளையின் பள்ளிச் செலவையும் திருமணச் செலவையும் சமாளித்ததும் நமக்குத் தெரியும். அந்தக் கூட்டையே சிலர் வியாபாரமாக்கி ஓடிப்போனதால்தான் 1971-இல் கூட்டு நிதித் தடைச் சட்டம் வந்தது. அச்சட்டத்தின் பெயரிலேயே நம் 'கூட்டு' என்ற தமிழ்ச்சொல் இருக்கிறது. நம்பிக்கை குற்றமன்று. எத்தன் அந்த நம்பிக்கையின் சட்டையைத்தான் திருடி அணிந்துகொண்டு வருகிறான். சங்கத்தில் கணக்கு உண்டு, கூட்டம் உண்டு, கேள்வி கேட்க உரிமை உண்டு. எத்தனிடம் இம்மூன்றும் இரா. இதுவே வேறுபாடு.

படத்தின் நன்மையைக் கூறினோம். அதன் ஆபத்தையும் கூற வேண்டும்.

காந்தி பாபு அழகாகப் பேசுகிறான். அவன் பேச்சில் சிரிப்பு இருக்கிறது, சாமர்த்தியம் இருக்கிறது, சில இடங்களில் உண்மையும் இருக்கிறது. அவன் சிறு வயதில் பட்ட துன்பமும் காட்டப்படுகிறது. கதை அவனோடேயே நடக்கிறது. அவனோடு நாமும் ஓடுகிறோம். அவன் மாட்டிக்கொள்வானோ என்று நாமும் பதறுகிறோம். ஏமாந்தவர்களோ ஒரு காட்சியில் வந்து, நம்மைச் சிரிக்க வைத்து, மறைந்துவிடுகிறார்கள். காவலர் அடிக்கும்போது அவனுக்காக இரங்குகிறோம். பணத்தின் பலத்தால் அவன் வழக்கிலிருந்து வெளியே வரும்போது, நம்மையறியாமல் ஒரு நிம்மதி பிறக்கிறது. பாட்டி நம்மைக் காகத்தின் பக்கம் நிற்க வைத்தாள். இங்கே நாம் நரியின் பக்கம் நின்றுகொண்டிருக்கிறோம்.

எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பில் இப்படத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. மாணவர்கள் பலர் வீட்டில் பார்த்திருந்தனர். காந்தி பாபுவைப்போல் பேசிக்காட்டி எல்லாரையும் சிரிக்க வைத்தான் ஒரு மாணவன். அப்போது பின்வரிசையிலிருந்த ஒரு மாணவி, "அவன் செய்ததெல்லாம் தப்புதானே, பிறகு ஏன் எல்லாரும் சிரிக்கிறார்கள்?" என்று கேட்டாள். வகுப்பு அமைதியாகிவிட்டது. அவள் வீட்டில் தாத்தாவின் சேமநிதிப் பணம் ஒரு திட்டத்தில் போய்விட்டது என்பது எங்களுக்குப் பின்னர்தான் தெரிந்தது. ஐம்பத்தைந்து வயதுவரை தோட்டத்தில் உழைத்த தாத்தாவின் பணம் அது. தாத்தா கோயிலுக்கும் வருவதில்லை, யாரோடும் பேசுவதில்லை என்றாள். அந்தப் பிள்ளைக்கு அது வேடிக்கைப் படமாக இருக்க இயலாது.

இதைத்தான் படம் காட்டாமல் விட்டிருக்கிறது. செட்டியார் ஏமாந்த பிறகு அவர் வீட்டில் அன்றிரவு அடுப்பு எரிந்ததா? மண்டபத்தில் கைதட்டிய அந்தப் பெண் தன் தாலிக்கொடியை எங்கே வைத்துப் பணம் கட்டினாள்? திரை நமக்கு இதைச் சொல்லாது. இதைச் சொல்ல வேண்டியவர்கள் பிள்ளைகளின் அருகில் அமர்ந்திருக்கும் நாம்தாம்.

படத்தின் முடிவைப் பற்றியும் ஒரு சொல். பானு என்னும் பெண்ணின் அன்பால் காந்தி பாபு மனம் மாறுகிறான். நல்லபடி வாழ முனைகிறான். ஆனால் பழைய கூட்டம் அவனைத் தேடிப்பிடித்து மீண்டும் மோசடிக்குள் தள்ளுகிறது. செய்த வினை வாசலில் வந்து நிற்கும் என்ற உண்மையை இப்பகுதி உணர்த்துகிறது. அதே சமயம், மனம் மாறிவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று பிள்ளைகள் எண்ணிவிடக் கூடாது. மனம் மாறியவன் எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தானா என்று கேட்கச் சொல்ல வேண்டும். திருக்குறளில் கள்ளாமை என்றே ஓர் அதிகாரம் வைத்த நம் மரபு, பிறர் பொருளை எடுக்க நினைப்பதையே குற்றமாகக் கொண்டது.

சரி, எப்படிப் பார்ப்பது? சில வழிகளைக் கூறுகிறோம்.

சிறு பிள்ளைகளுக்கு, அதாவது தொடக்கப்பள்ளியின் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு, இப்படம் வேண்டாம். அடிதடியும் மிரட்டலும் இருக்கின்றன. தவிரவும், எது நடிப்பு எது கண்டனம் என்று பிரித்தறியும் வயது அதுவன்று. அவர்களுக்கு வடைக் கதையே போதும். இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள் பார்க்கட்டும். ஆனால் தனியே கைப்பேசியில் அன்று, பெற்றோரோடு சேர்ந்து பார்க்கட்டும். திரையில் காட்டப்படும் வயதுக் குறியீட்டைக் கவனியுங்கள்.

பார்க்கும்போது ஒவ்வொரு மோசடி முடிந்ததும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஒன்று: ஏமாந்தவர் எந்த இடத்தில் 'இல்லை' என்று சொல்லியிருக்கலாம்? இரண்டு: அவர் யாரிடமாவது கேட்டிருந்தால் தப்பியிருப்பாரா? மூன்று: இன்றிரவு அவர் வீட்டில் என்ன நடக்கும்? இந்த மூன்றாம் கேள்விதான் முக்கியம். அதைக் கேட்டவுடன் பிள்ளை நரியின் பக்கத்திலிருந்து காகத்தின் பக்கத்துக்கு வந்துவிடும். பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை. கேட்டுவிட்டுப் பிள்ளை சொல்வதைக் கேட்டால் போதும்.

படம் முடிந்த பின்னரும் பேச்சைத் தொடருங்கள். ஏனென்றால் இன்றைய எத்தன் பாம்பையும் கலசத்தையும் தூக்கிக்கொண்டு நம் தோட்டத்துக்கு வருவதில்லை. அவன் தொலைபேசியில் வருகிறான். "காவல் நிலையத்திலிருந்து பேசுகிறோம், உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது" என்கிறான். நீதிமன்றம் என்கிறான், வருமான வரி என்கிறான், அஞ்சல் பொட்டலம் என்கிறான். இதனை நம் நாட்டில் 'மக்காவ் மோசடி' என்பர். இங்கே ஆசையின் இடத்தில் அச்சம் வருகிறது. மற்ற மூன்றும், அவசரமும் இரகசியமும் வெட்கமும், அப்படியே இருக்கின்றன. படத்தைப் பார்த்த பிள்ளை இதை எளிதில் கண்டுகொள்ளும்.

இளைஞர்களுக்கு வேறு வலை விரிக்கப்படுகிறது. வெளிநாட்டில் நல்ல சம்பளத்தில் கணினி வேலை என்று நம்பிப்போன மலேசிய இளைஞர்கள் கம்போடியாவிலும் மியன்மாரிலும் மோசடிக் கும்பல்களிடம் அடைபட்டு, பிறரை ஏமாற்றும் வேலையைச் செய்யக் கட்டாயப்படுத்தப்பட்ட செய்திகள் 2022-இல் நாட்டையே உலுக்கின. உள்ளூரிலோ, "உன் வங்கி அட்டையை மட்டும் கொடு, சில நூறு வெள்ளி தருகிறேன்" என்பார்கள். கொடுத்தவன் கணக்கின் வழியாகத் திருட்டுப்பணம் ஓடும். எத்தன் அகப்படமாட்டான். அட்டைக்குரியவன் அகப்படுவான். இதற்கெனவே 2024-இல் குற்றவியல் சட்டத்தில் புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டன. "நான் யாரையும் ஏமாற்றவில்லையே" என்ற சொல் அங்கே போதாது. வேலை தேடிக்கொண்டிருக்கும் பையன்கள் உள்ள வீட்டில் இதைத் தவறாமல் கூறி வையுங்கள்.

முன்பின் அறியாதவருக்குப் பணம் அனுப்புமுன் அவருடைய வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் அரச மலேசியக் காவல் படையின் 'செமாக் மியூல்' என்ற இணையச் சேவையில் சரிபார்க்கலாம். முதலீட்டுத் திட்டம் என்றால், பேங்க் நெகாரா வெளியிடும் எச்சரிக்கைப் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா என்று பார்க்கலாம். பட்டியலில் இல்லை என்பதற்காகவே நல்ல திட்டம் என்று கொள்ள வேண்டாம். நம்மால் பார்க்க முடியாவிட்டால் படித்த பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லலாம். பிள்ளையிடம் கேட்பதில் குறைவொன்றுமில்லை.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே 997 என்ற எண்ணை அழைக்க வேண்டும். தேசிய மோசடித் தடுப்பு மையம் 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. காவல் படையும் மத்திய வங்கியும் தொலைத்தொடர்பு ஆணையமும் அதில் சேர்ந்து பணியாற்றுகின்றன. திருடிய பணம் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்கிற்கு நிமிடக் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். விரைந்து சொன்னால் வழியிலேயே அதை நிறுத்த வாய்ப்புண்டு. நாளைக்குப் பார்க்கலாம் என்றால் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். வங்கிக்கும் தெரிவியுங்கள். பின்னர் காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள்.

ஆனால், நேயர்களே, ஏமாந்தவர் அந்தத் தொலைபேசியை எடுப்பாரா என்பது எதைப் பொறுத்தது? வீட்டில் தனக்கு என்ன சொல் கிடைக்கும் என்று அவர் எண்ணுவதைப் பொறுத்தது. "உனக்குப் புத்தி இருக்கிறதா?" என்ற சொல் காத்திருக்கிறது என்று தெரிந்தால் அவர் வாய் திறக்கமாட்டார். எத்தன் நம்பியிருப்பதும் அதைத்தான். படத்தில் செட்டியாரை வாய்மூடச் செய்தது சட்டத்தின் பயம். நம் வீடுகளில் மனிதரை வாய்மூடச் செய்வது ஏச்சின் பயம். அந்த மாணவியின் தாத்தா முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு பகுதியையேனும் காப்பாற்றியிருக்கலாமோ என்னவோ. அவர் மூன்று மாதம் சொல்லவில்லை.

எனவே இத்தகைய படங்களைக் கண்டு அஞ்சிப் பெட்டியை அணைக்க வேண்டியதில்லை. கண்மூடி இரசிக்கவும் வேண்டியதில்லை. ஏமாந்த பாத்திரத்தைப் பார்த்து, "முட்டாள்" என்று நாம் உரக்கச் சிரித்தால், அருகிலிருக்கும் பிள்ளை ஒன்றை மனத்தில் எழுதிக்கொள்கிறது. நாளை நான் ஏமாந்தால் இவர்களிடம் சொல்லக் கூடாது என்பதே அது. அதற்கு மாறாக, "பாவம், யாரிடமாவது சொல்லியிருக்கலாமே" என்று நாம் சொன்னால், பிள்ளை வேறொன்றை எழுதிக்கொள்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை இப்படியொரு படம் வந்தால், அந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள்.